எறும்பு சாகாத வெண்கட்டி

போன மாதம் சிட்னி லிட்கம்மில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உங்களில் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "அன்ரி, நீங்க செய்த கேஸிலை ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். தோசை சூடாக வந்துவிட்டதால் அன்றைக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவளுக்கு இனிமேல் வேறு சாக்கு இல்லை.

நச்சு இரசாயனங்களைக் களவாக இறக்குமதி செய்பவர்களையும் விற்பவர்களையும் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் மத்திய அரசு வேலையில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். தேடுதல் ஆணை எடுப்பது, மாதிரிகளுக்கு முத்திரை வைப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் பயிற்சியில் வரும். கையில் இருக்கும் வழக்கையும் கண்முன் நிற்கும் மனிதர்களையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாதபோது எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பது பயிற்சியில் வராது. அதற்காகத்தான் வெண்கட்டிக் கதையைத் தேர்ந்தெடுத்தேன்.

மெல்பேர்னின் மேற்கு ஓரத்து டார்னெய்ட்டிலிருந்து ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். சென்னைக்காரி. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அழைப்பு என்னிடம் வந்தது.

"ஆமா மேடம், பார்த்தா சாக்பீஸ் மாதிரியேதான் இருக்கும். ஸ்பிரிங்வேல்ல அக்கா வீட்டுக்குப் போனப்போ, கரப்பான்பூச்சிக்குன்னு ஒரு கடையில வாங்கினேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கோடு போட்டுட்டு ஜன்னல் கட்டையில வச்சேன். பாப்பா எடுத்துச் சப்பிட்டா."

குழந்தை வாந்தியெடுத்து, கைகால் நடுங்கி, அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. நல்லவேளை, சீக்கிரமே தேறிவிட்டது. "இப்ப என்னடான்னா, ஆஸ்பத்திரியில குடுத்த ஐஸ்கிரீம் வேணும், மறுபடி அங்கேயே போலாங்குறா மேடம்" என்று சொல்லி அந்தத் தாய் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

பூச்சிமருந்தைச் சுண்ணாம்போடு குழைத்துக் குச்சியாக்கிய பொருள் அது. கோடு கிழித்தால் அதைக் கடக்கும் எறும்பும் கரப்பானும் சாகும். பள்ளிக்கூட வெண்கட்டிக்கும் அதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் இங்கே அதற்கு அனுமதியில்லை. கொண்டுவருவதும் குற்றம், விற்பதும் குற்றம்.

அந்தத் தாய் அனுப்பிய பெட்டியின் படத்தை வைத்துத் துறைமுக அதிகாரிகளிடம் விசாரித்தோம். அதே பெயர் போட்ட பெட்டிகளைப் 'பள்ளிக்கூட வெண்கட்டி' என்று பதிந்து இறக்கும் ஒருவர் இருந்தார். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்குள் நல்ல பெயர் எடுத்தவர். விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை, கோயிலுக்கு அரிசி, கலைவிழாவுக்கு மேடை என்று எதற்கும் முன்னுக்கு நிற்பவர். அவரைக் குணம் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அடுத்த கொள்கலன் கடலில் வந்துகொண்டிருந்தது. மறுவாரம் மெல்பேர்ன் துறைமுகத்தில் இறங்கும்.

எங்களுக்கு இருந்த ஒரே சிக்கல், அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது. "நான் பள்ளிக்கூட வெண்கட்டிதான் கேட்டேன், அவர்கள் இதை அனுப்பிவிட்டார்கள்" என்று அவர் கையை விரித்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். ஆகவே கொள்கலன் இறங்கட்டும், அவர் எடுத்துக் கடைகளுக்குப் பிரிக்கட்டும், அந்த நேரத்தில் உள்ளே போவோம் என்று திட்டம் போட்டோம். அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது. கடைகளில் கிடக்கும் பழைய சரக்கை நினைத்து எனக்கு அந்தக் காத்திருப்பு முள்ளாகத்தான் இருந்தது. என் மேலதிகாரியோடு அதைப் பற்றி ஒருமுறை சத்தமாகவே வாதாடினேன். இந்த ஒரு வாரத்துக்கு மேல் ஒரு நாளும் பொறுப்பதில்லை, பிறகு பகிரங்க எச்சரிக்கைதான் என்று முடிவாயிற்று.

இடையில், கடையில் அந்தப் பொருள் விற்கப்படுகிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். முதலில் என் சகா ஒருவரை அனுப்பினோம். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், மணல் நிறத் தலைமுடி, நல்ல மரியாதைக்காரர். ஸ்பிரிங்வேல் கடைக்குள் போய், "எறும்புக்குக் கோடு போடும் வெண்கட்டி இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். கடைக்காரி தவமணி அக்கா அப்படி ஒரு பொருளைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டு, மிளகாய்த்தூளும் தேசிக்காய் ஊறுகாயும் அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டார். மனிதர் இரண்டு கையிலும் பையோடு திரும்பி வந்தார். அந்த ஊறுகாய்க்காகப் பிறகும் அதே கடைக்குப் போய் வந்தார் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனேன். கைப்பையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, குசினியிலை ஒரே கரப்பான். ஏதும் இருக்கோ?"

தவமணி அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "இரவிலை கோப்பை கழுவாமல் படுக்கிறனீங்களோ?"

"இல்லை அக்கா, கழுவிறனான்."

"சும்மா சொல்லாதையுங்கோ. கழுவினா ஏன் கரப்பான் வருது? சிங்குக்குக் கீழை துடைச்சு எவ்வளவு காலம்?"

மத்திய அரசின் புலனாய்வு அதிகாரியான நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தத் திட்டு முழுவதும் பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வழக்குக் கோப்பில் ஏறியது. என் மேலதிகாரி அதை வாய்விட்டு வாசித்தார் என்று கேள்விப்பட்டேன்.

திட்டித் தீர்ந்ததும் அக்கா குனிந்து, கற்பூரப் பெட்டிகளுக்குக் கீழே இருந்து வெண்கட்டிப் பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" என்றார். காசு கொடுத்தேன். வந்த வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வயதான ஐயா கையில் அதே மாதிரிப் பெட்டியோடு கடைக்குள் வந்தார்.

"பிள்ளை, முந்தநாள் தந்த இந்த வெண்கட்டிக்கு ஒரு எறும்பும் சாகேல்லை. கோட்டுக்கு மேலாலை ஊர்வலம் போகுது!"

அக்கா ஒரு குச்சியை எடுத்து உடைத்துப் பார்த்தார். "இப்படித்தான் காலமையும் ஒராள் கொண்டந்து தந்தவர். இது பள்ளிக்கூட வெண்கட்டி போலக் கிடக்கு. குணம் அண்ணை பெட்டி மாறித் தந்திட்டார். பொறுங்கோ, அவருக்கு இப்பவே போன் அடிச்சுச் சொல்லுறன்."

நான் கதவுவரை போய்விட்டேன். அங்கேயே நின்றேன்.

"பள்ளிக்கூட வெண்கட்டியும் அவர்தான் விக்கிறவரோ அக்கா?"

"விக்கிறதில்லை. எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சும்மா குடுக்கிறவர். நாளைக்கு வாணி விழா எல்லோ? சின்னனுகள் எல்லாம் பள்ளி முத்தத்திலை இருந்து நிலத்திலை 'அ' எழுதுவினம். வெண்கட்டி முழுக்க அவரின்ரை உபயம்தான்."

பள்ளிக்கூட வெண்கட்டி கடைக்கு வந்துவிட்டது என்றால், கடைக்குப் போக வேண்டியது எங்கே போயிருக்கும்?

காருக்குள் போய் இருந்து என் மேலதிகாரியை அழைத்தேன். அவர் பெயரைச் சொன்னால் கோபிப்பார், ஆகவே வேண்டாம். குரலை உயர்த்தாத மனுஷி. நான் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளியில் இருக்கும் பெட்டிகளை எடுத்தால் குணம் அண்ணைக்கு விஷயம் தெரிந்துவிடும். கொள்கலனை அவர் தொடவே மாட்டார், வழக்குப் போய்விடும். எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் திங்கட்கிழமைக்கு முன்னர் பதில் வராது. ஒருவேளை அந்தப் பெட்டிகளில் வெறும் வெண்கட்டிதான் இருந்தது என்றால் ஒன்றுமில்லாததற்கு வழக்கைத் தொலைத்தவள் ஆவேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரண்டு பிழை விடலாம். அதில் எந்தப் பிழையைத் திங்கட்கிழமை வந்து திருத்த முடியும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தொலைபேசியை வைத்துவிட்டார். கேள்வியிலேயே பதில் இருந்தது. வழக்குப் போனால் இன்னொரு வழக்குப் பிடிக்கலாம். பிள்ளைகளின் விரலிலும் வாயிலும் போனதைத் திங்கட்கிழமை எடுக்க முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரும். அன்றைக்கு இந்தக் கேள்வியை இரவல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பள்ளியின் அதிபர் புஷ்பா டீச்சர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே கணக்காளராக இருப்பவர். அவரிடம் எவ்வளவு சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. மழுப்பிப் பேசினால் அவர் ஒத்துழைக்க மாட்டார். எல்லாவற்றையும் சொன்னால் விசாரணை ஊருக்குள் போய்விடும். யாருடைய வெண்கட்டி, கொள்கலன் எங்கே என்பதை எல்லாம் விட்டுவிட்டு, நான் யார் என்பதையும், அந்தப் பெட்டிகளில் நஞ்சு இருக்கலாம் என்ற சந்தேகத்தையும் தொலைபேசியில் நேராகச் சொன்னேன்.

"நீங்க சொல்றது உண்மைன்னா நான் இப்பவே எல்லாப் பெற்றோருக்கும் மெசேஜ் போட்டாகணும்" என்றார்.

"பிள்ளைகள் ஆரும் இதுவரைக்கும் தொட்டிருக்கினமோ டீச்சர்?"

"இல்ல. புதுப் பெட்டிங்க. நாளைக்குன்னு அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். சாவி என்கிட்டதான் இருக்கு. வகுப்பறை வாடகைக்கு எடுத்தது, சனிக்கிழமை காலையிலதான் கேட் திறப்பாங்க."

"அப்ப காலமை நாங்கள் ரெண்டுபேரும் முதல் ஆளாப் போவம். பெட்டியை நான் எடுக்கிறன். எழுதுறதுக்கு வேறை வெண்கட்டி நானே கொண்டு வாறன்."

"சரி. ஆனா அங்க ஒரு குச்சி குறைஞ்சிருந்தாலும் நான் மெசேஜ் போட்டுடுவேன். உங்க கேஸ் எப்படிப் போனாலும் சரி" என்றார். அந்த மனுஷியை அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை காலை, வாணி விழாவுக்கு வந்தவள் போலவே சேலை கட்டிக்கொண்டு போனேன். பெட்டிகள் ஒட்டுப் பிரிக்காமல் இருந்தன. முத்திரைப் பைகளில் போட்டு என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். எழுதுபொருள் கடையில் வாங்கிய வெள்ளை வெண்கட்டிகளைப் புஷ்பா டீச்சர் தட்டுகளில் பரப்பிப் பூவும் வைத்தார். பிள்ளைகள் பட்டுப் பாவாடையும் வேட்டியுமாக முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். 'அ'வை எந்தப் பக்கம் சுழிப்பது என்று ஒரு சண்டை நடந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிரதம விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். குணம் அண்ணை. சால்வை ஒரு பக்கம் தொங்க, கையில் வெண்கட்டிப் பெட்டிகளைக் கட்டிப் பிடித்தபடி வாசலில் இருந்து அரை ஓட்டமாக வந்தார். தவமணி அக்காவின் தொலைபேசி அழைப்பு அவரையும் நான் போன அதே கணக்குக்குக் கொண்டுபோயிருக்கிறது. களவாக மாற்றி வைக்க வந்திருக்கிறார்.

"டீச்சர், நான் தந்த பெட்டியள் எங்கை? அது பழசு. நான் புதுசு கொண்டந்திருக்கிறன்."

"வெண்கட்டியெல்லாம் குடுத்தாச்சே அண்ணே. பிள்ளைங்க எழுத ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் புஷ்பா டீச்சர். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவர் சொன்னது உண்மையும்தான்.

குணம் அண்ணை திரும்பிப் பார்த்தார். வட்டத்தின் முன்வரிசையில் அவருடைய பேத்தி ஆரணி இருந்தாள். எழுதி அலுத்துப்போய் வெண்கட்டியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிகள் நிலத்தில் விழுந்து சிதறின. அந்த வயதில் ஒருவர் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. "துப்படி! துப்பு! அது நஞ்சு! ஒருத்தரும் தொடாதையுங்கோ, எல்லாம் பூச்சி மருந்து!" என்று கத்திக்கொண்டே பேத்தியின் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்து, சால்வையால் அவள் நாக்கைத் துடைத்தார். ஆரணி வீரிட்டு அழுதாள். முற்றம் முழுவதும் உறைந்து நின்றது.

கொள்கலனும் தேடுதல் ஆணையும் வைத்துக்கொண்டு நாங்கள் நிரூபிக்க நினைத்ததை, பெற்றோர் எல்லாரும் கேட்க அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பேத்தியின் நாக்கை இன்னும் துடைத்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, பயப்படாதையுங்கோ. அது நல்ல வெண்கட்டி. கடையிலை நான் வாங்கினது. உங்கட பெட்டியள் ஒண்டும் திறக்கேல்லை" என்றேன்.

அவர் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ கதிரை கொண்டுவந்து, தூக்கி அதில் இருத்தினார்கள். தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நான் சொல்லுறன். எல்லாம் சொல்லுறன். நான் என்ன செய்தனான் எண்டா..."

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். கலங்கிப்போன ஒரு மனிதர், நான் யார் என்று தெரியாமல், விழாவுக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண் என்று நம்பிக் கொட்டத் தயாராக இருந்தார். வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் எல்லாம் வந்திருக்கும். ஆனால் கத்தியது அவராகக் கத்தியது. இனிமேல் சொல்வது என்னிடம் சொல்வது. நான் யார் என்று தெரியாமல் சொன்னதை நீதிமன்றம் தூக்கி எறியலாம். அதைவிட, அதை வாங்கிக்கொள்ள என் மனம் இடம் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று சொல்லி அடையாள அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "நான் இந்த விஷயத்தை விசாரிக்கிற அதிகாரி. நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் அது உங்களுக்கு எதிராக நீதிமன்றத்திலை வரலாம். முதல்லை ஒரு வழக்கறிஞரோடை கதையுங்கோ."

அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சீலை கட்டிக்கொண்டு வந்து சட்டம் கதைக்கிறீங்கள்" என்றார். கோபமா ஆச்சரியமா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

என் வழக்கில் பாதி அந்த மௌனத்துக்குள் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே தலை நிமிர்ந்தார்.

"அப்ப கடையளிலை கிடக்கிறது?"

"அதைப் பற்றி உங்களை நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் எடுக்கச் சொன்னால் நான் மறிக்கப் போறதுமில்லை. ஆனால் எறியச் சொல்லாதையுங்கோ. ஒரு பையிலை போட்டு, பிள்ளையள் எட்டாத இடத்திலை வைக்கச் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் வந்து எடுப்பினம்."

அவர் தொலைபேசியை எடுத்தார். முற்றத்தின் மூலையில் இருந்துகொண்டு கடை கடையாக அழைத்தார். தவமணி அக்காவின் குரல் மட்டும் எனக்கும் கேட்டது. "அப்ப ஏன் எனக்கு இதைத் தந்தனீங்கள்?" என்று அவர் போட்ட சத்தத்தில் குணம் அண்ணை தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் எச்சரிக்கை வானொலியிலும் இணையத்திலும் வந்தது. வீடுகளில் இருந்தவையும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ஆரணிக்கு இன்னொரு வெண்கட்டி கொடுத்தேன். அவள் தாத்தாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் தலையை ஆட்டியதும், குந்தியிருந்து, சுழியை மறுபக்கம் திருப்பி ஒரு 'அ' எழுதினாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்தின் முடிவு வந்தது. பள்ளிப் பெட்டிகளில் நஞ்சு இருந்தது. அதே நாள் குணம் அண்ணை வழக்கறிஞரோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சட்டம் என்ன கேட்டதோ அதற்கு மேலேயும் சொன்னார். ஒவ்வொரு கொள்கலனிலும் முன்வரிசைகளில் உண்மையான வெண்கட்டி, அதற்குப் பின்னால் நஞ்சு, எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டியில். சோதிப்பவர்கள் முன்வரிசையைத்தான் திறப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். போனமுறை களஞ்சியத்தில் பெட்டிகளை இறக்கும்போது வரிசை கலைந்துவிட்டது. கடலில் வந்த கொள்கலனையும் அவர் சொன்னபடியே திறந்தோம். சொன்ன இடத்தில் சொன்னது இருந்தது.

குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் கடுமையாகப் பேசினார். குழந்தை ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போனதை இரண்டு முறை சொன்னார். டார்னெய்ட் தாய் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிறை கிடைக்கவில்லை. பெரிய அபராதமும், பெயரில் ஒரு குற்றப் பதிவும், இனி எந்த இரசாயனப் பொருளும் இறக்குவதற்குத் தடையும் கிடைத்தன. தவமணி அக்கா எச்சரிக்கையோடு தப்பினார். இப்போதும் கரப்பானுக்கு மருந்து கேட்பவர்களுக்கு அந்தத் திட்டு மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபோது நீதிமன்ற மின்தூக்கியில் நானும் குணம் அண்ணையும் தனியாக மாட்டிக்கொண்டோம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர்தான் பேசினார்.

"தங்கச்சி, அண்டைக்கு முத்தத்திலை என்னைக் கதைக்க விடாமல் நிப்பாட்டினீங்கள். ஏன் எண்டு வழக்கறிஞர்தான் பிறகு விளங்கப்படுத்தினவர். விட்டிருந்தா, அது செல்லாது எண்டு அவர் வாதாடியிருப்பாராம். நானும் கடைசிவரை இல்லையெண்டுதான் நிண்டிருப்பன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னை ஏமாத்தாத ஆளிட்டைப் போய் எப்படிப் பொய் சொல்லுறது?"

இத்தனை வருட வேலையில் அதுபோல் ஒரு நற்சான்று எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை.

கதவு திறந்தது. அவர் என்னை முதலில் போக விட்டார். வாசலில் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பழக்கதோஷத்தில், "அப்ப நான் போயிட்டு வாறன்" என்றார்.

"வர வேண்டாம் அண்ணை" என்றேன். "போங்கோ."

போகிறவரைப் பார்த்து நம்மவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அந்த நீதிமன்ற வாசலில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தான்.